தான்சிரி முதல் ராஷ்பிஹாரி வரை: ஜீவனானந்த தாஸின் வழியில் ஏழு நாட்கள்

2023 ஆகஸ்ட் 16, புதன். டாக்கா, சதர்காட்

வங்காளக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் ஊரான, தெற்கு வங்கதேசத்தின் பரிசாலுக்குப் போக இன்று லாஞ்சு (ஆற்றுப் பயணிகள் கப்பல்) கட்டாயமில்லை. 2022 ஜூன் 25-ல் பத்மா பாலம் திறந்ததிலிருந்து டாக்காவில் பேருந்து ஏறினால் நாலு மணி நேரத்தில் ஊர் வந்துவிடுகிறது. சதர்காட் படகுத்துறையில் அதன் விளைவைப் பார்க்கலாம். முன்பு கால் வைக்க இடமில்லாமல் போன லாஞ்சுகள் இப்போது புறப்படும் நிமிடம் வரை கூவிக் கூவி ஆள் சேர்க்கின்றன.

இருந்தாலும் ஜீவனானந்த தாஸைப் படித்துவிட்டு அவர் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு தடவையாவது நீர்வழியில் போக வேண்டும். பரிசாலுக்கு அன்றும் ரயில் இல்லை, இன்றும் இல்லை. கல்கத்தாவின் சியால்தாவிலிருந்து குல்னா வரை ரயில், அங்கிருந்து ஸ்டீமர். படிப்பு, வேலை, விடுமுறை எல்லாவற்றுக்கும் அவர் காலத்தில் வழி அதுதான். அவர் கவிதைகளில் தண்ணீர் ஏன் அவ்வளவு நிதானமாக நகர்கிறது என்பது ஓர் இரவு லாஞ்சில் படுத்தால் விளங்கும்.

துறைக்குள் நுழைய 10 டாக்கா (வங்கதேச நாணயத்துக்கும் இதே பெயர்தான்). கீழ்த்தளத்தில் பாய் விரித்துப் படுக்க 400, ஒற்றை அறைக்கு 1,200. தளத்தில் இடம் பிடிக்க ஆறு மணிக்கே போய்விட வேண்டும். எஞ்சினுக்கு நேர் மேலே உள்ள பலகை இரவு முழுக்கச் சுடும். ஓரம் காற்றுக்கு நல்லது, ஆனால் மழைக்கு ஆகாது. சாந்த்பூர் தாண்டி மேக்னா ஆற்றின் அகலத்தில் நுழைந்ததும் மழை பக்கவாட்டில் அடித்தது. தார்ப்பாய்த் திரையை இறக்குவதற்குள் ஓரத்து விரிப்புகள் எல்லாம் நனைந்துவிட்டன. நடுவில் படுத்திருந்த ஒரு குடும்பம் கேட்காமலே தங்கள் பாயைச் சுருக்கி, நனைந்தவர்களுக்கு இடம் விட்டது. சாப்பாடு 220 டாக்கா: சோறு, பருப்பு, கடுகெண்ணெயில் பொரித்த ஒரு துண்டு இலிஷ் மீன். பொரித்த எண்ணெயையும் கருக வறுத்த வற்றல் மிளகாயையும் சோற்றில் பிசைந்துதான் முதல் கவளம் எடுக்கிறார்கள். அதுவே சரியான முறை.

'வனலதா சென்' கவிதையில் நடந்துகொண்டே இருப்பவன் சிங்களக் கடலிலிருந்து மலாய்க் கடல் வரை இருட்டில் அலைந்து வருகிறான். தமிழர்கள் கப்பல் விட்ட கடல் அது. 1935 டிசம்பரில் புத்ததேவ போஸின் 'கவிதா' இதழில் வந்த கவிதை. அதை எழுதியவர் அந்த ஆண்டுதான் பரிசாலில் கல்லூரி வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 17, வியாழன். பரிசால்

லாஞ்சு கீர்த்தன்கோலா ஆற்றில் அணைந்தபோது மணி நாலே முக்கால். விடியும்வரை தூங்க விடுகிறார்கள், அவசரப்பட்டு இறங்கத் தேவையில்லை. துறைக்கு வெளியே பரோட்டாவும் பருப்பும் 40 டாக்கா, பால் தேநீர் 10. ரிக்‌ஷாக்காரரையும் தேநீர்க் கடைக்காரரையும் இங்கே எல்லோரும் 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பொருளும் நம்முடையதேதான்: தாயின் உடன்பிறந்தவர்.

'கவியின் வீடு' என்று சொன்னால் போதும், ரிக்‌ஷா பகுரா சாலைக்குப் போகும். தாத்தா சர்வானந்தரின் பெயரால் 'சர்வானந்த பவன்' என்று இருந்த பழைய வீடு இன்று இல்லை. அந்த நிலத்தின் ஒரு பகுதியில் கவியின் பெயரில் நூலகமும் அரங்கமும் இருக்கின்றன. பக்கத்து வீட்டின் வாசலில், அவர் கவிதையில் வரும் ஆற்றின் பெயரான 'தான்சிரி' என்று இருக்கிறது. அது ஒரு குடும்பம் குடியிருக்கும் வீடு, எனவே வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்வதுதான் மரியாதை. சாலையில் இன்னும் கொஞ்சம் நடந்தால் ஆக்ஸ்போர்டு மிஷனின் செங்கல் தேவாலயம். அவர் சிறுவனாக இருந்தபோது எழும்பிய கட்டடம் அது.

1899 பிப்ரவரியில் பிறந்தார். வீட்டுப் பெயர் மிலு. பிரம்ம சமாஜக் குடும்பம். அப்பா சத்யானந்த தாஸ் பள்ளி ஆசிரியர், 'பிரம்மவாதி' இதழின் ஆசிரியர். அம்மா குசும்குமாரி தாஸ் கவிஞர். பேச்சில் பெரியவனாகாமல் செயலில் பெரியவனாகும் பிள்ளை நம் நாட்டுக்கு எப்போது வருவான் என்று அவர் எழுதிய பாட்டு வங்காளப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். தேநீர்க் கடை மாமாவிடம் மகனைப் பற்றிக் கேட்டால், அவர் முதலில் சொன்னது அம்மாவின் பாட்டைத்தான். கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே, ஓர் எழுத்துத் தவறாமல்.

இந்தப் பயணத்துக்கு ஒரு வேலை உண்டு. அவர் கவிதைகளில் வரும் மரம், செடி, பறவைப் பெயர்களை இடத்தில் வைத்துப் பார்த்துத் தமிழ்ப் பெயரை உறுதி செய்துகொள்வது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும்போது இந்தப் பெயர்கள்தான் முதலில் கெடுகின்றன. 'சில்' என்பது பருந்து. அது 'கைட்' ஆகி, கைட் கழுகு ஆகிவிடுகிறது. கழுகு வந்து உட்கார்ந்தால் அந்தக் கவிதையே வேறு ஆகிவிடும். 'ஷாலிக்' நம்முடைய நாகணவாய், அதாவது மைனா. 'தோயேல்' குண்டுகரிச்சான், வங்கதேசத்தின் தேசியப் பறவை. 'லக்‌ஷ்மி பேஞ்சா' ஆந்தை அல்ல, கூகை. வெள்ளை முகமுள்ளது, லட்சுமியின் வாகனம் என்று யாரும் விரட்டுவதில்லை. 'கல்மி' என்றால் வள்ளைக்கீரை. நம் குளங்களில் படர்கிற அதே கொடி. 'தாமரை' என்றோ 'நீர்ப்பாசி' என்றோ போட்டுவிடக் கூடாது.

மதியம் பி.எம். (பிரஜமோகன்) கல்லூரி. 1889-ல் அஸ்வினி குமார் தத்தா தொடங்கியது. ஜீவனானந்தர் இங்கே படித்தார், பிறகு 1935 முதல் 1946 வரை ஆங்கிலம் கற்பித்தார். அவருடைய கவிதை நூல்களில் 'தூசர் பாண்டுலிபி' 1936-லும், 'வனலதா சென்' 1942-லும், 'மகாபிருதிவி' 1944-லும் வெளிவந்தது இந்த வேலையில் இருந்த காலத்தில்தான். அந்த 'வனலதா சென்' பதினாறே பக்கம். பக்கத்துக்கு ஒரு பைசா என்ற கணக்கில் புத்ததேவ போஸ் நடத்திய வரிசையில் வந்த சிறு நூல்.

இந்த ஊரிலும் கொல்கத்தாவிலும் பலரும் சொல்லும் ஒரு கதையை இங்கே திருத்த வேண்டும். 'கேம்ப்பே' என்ற கவிதை ஆபாசம் என்று சொல்லி கல்கத்தா சிட்டி கல்லூரி அவரை வேலையிலிருந்து நீக்கியது என்பார்கள். கணக்கு ஒத்துவராது. வேலை போனது 1928-ல். 'கேம்ப்பே' 'பரிசய்' இதழில் வந்தது 1932-ல். உண்மையான காரணம் பணம். பிரம்ம சமாஜத்தார் நடத்திய அந்தக் கல்லூரியின் விடுதியில் சரஸ்வதி பூஜை நடத்த மாணவர்கள் கேட்டார்கள், நிர்வாகம் மறுத்தது. கிளர்ச்சியில் பிள்ளைகள் கூட்டமாக வெளியேற, கட்டண வருமானம் விழுந்தது. ஆசிரியர்களைக் குறைத்தபோது, பணியில் இளையவரான ஜீவனானந்தரும் போனார். கவிதைக்காகத் தண்டிக்கப்பட்டார் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது அதைவிடச் சாதாரணம், அதனாலேயே அதிகம் வலிப்பது.

மாலையில் சாலையெல்லாம் கணுக்கால் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதே இங்கே வழக்கம்.

ஆகஸ்ட் 18, வெள்ளி. பீம்ருலி, தான்சிரி

வெள்ளிக்கிழமை இங்கே வார விடுமுறை. நூலகம், அலுவலகம் எதையும் இந்த நாளில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆற்றுக்குப் போக நல்ல நாள். பரிசாலிலிருந்து ஜாலகாடி 20 கிலோமீட்டர். பங்கு ஆட்டோவில் ஆளுக்கு 60 டாக்கா. அங்கிருந்து பீம்ருலி கால்வாய்ச் சந்தைக்கு எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பதினொரு மணிக்கு மேல் வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கொய்யாக் காலம். மண்ணை வெட்டி நீளமான மேடுகளாகப் போட்டு, மேட்டில் கொய்யாவும் அம்ரா என்ற புளிப்புப் பழ மரமும் வைக்கிறார்கள். மேட்டுக்கு மேடு நடுவே வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. பறிப்பதும் அந்தப் பள்ளத்தில் டிங்கி என்ற சிறு படகை நுழைத்துத்தான். டிங்கி நேராகச் சந்தைக்கு வருகிறது. வியாபாரியின் பெரிய படகு நடுவில் நிற்க, சிறியவை ஒவ்வொன்றாக உரசி நிற்கும். விலை மணு (சுமார் 40 கிலோ) கணக்கில். இன்று மணு 600 டாக்கா வரை போனது. மழை விடாமல் பெய்தால் காய் நீர் கோத்து இரண்டே நாளில் கறுத்துவிடும், விலை பாதியாகும். அதனால் எல்லார் கண்ணும் வானத்தில். சில்லறைக்குக் கேட்டபோது ஒரு பெரியவர் ஐந்தாறு பழங்களை மடியில் போட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்தார்.

எஞ்சின் படகை இங்கே 'ட்ராலர்' என்கிறார்கள். அரை நாளுக்கு 1,500 டாக்கா பேசி, அங்கிருந்து தான்சிரி. ஜாலகாடிக்குப் பக்கத்தில், சுகந்தாவும் விஷ்காலியும் காப்கான் கால்வாயும் கூடும் இடத்தை ஒட்டி அந்த ஆறு பிரிகிறது. பார்த்ததும் பலருக்கு ஏமாற்றம்தான். இரண்டு படகு எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய அகலம். தூர்வாரியும் மறுபடி தூர்ந்துபோன ஆறு.

புறப்படும்முன் ஓதம் பார்க்க வேண்டும். கடல் தொலைவில் இருந்தாலும் பரிசால் பக்கத்து ஆறுகள் எல்லாமே ஏற்றம், வற்றம் உள்ளவை. ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும். வற்றத்தில் தான்சிரிக்குள் நுழைந்தால் படகு சேற்றில் அமர்ந்துவிடும், அடுத்த ஏற்றம் வரை அங்கேதான். நேரம் சரியாகத்தான் இருந்தது. சிக்கியது ஆகாயத்தாமரையில். அரை கிலோமீட்டர் போவதற்குள் வேர்க்கொத்து விசிறியில் சுற்றி எஞ்சின் நின்றது. இதில் செய்யக் கூடாதது மறுபடி எஞ்சினைப் போடுவது. சுற்றியது இன்னும் இறுகிவிடும். படகோட்டி விசிறித் தண்டை மேலே தூக்கி, தாவ் கத்தியால் வேரை நீளவாக்கில் கீறி, சுற்றியதற்கு எதிர்ப்பக்கமாகக் கையால் பிரித்தார். நாற்பது நிமிடம். இது புதிய தொல்லையும் அல்ல. வங்காள அரசு 1936-லேயே இந்தச் செடிக்கு எதிராகத் தனிச் சட்டம் போட்டது. பரிசாலில் ஆங்கில வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த கவிஞரும் இதே ஊதாப் பூக்களைத்தான் பார்த்திருப்பார்.

அந்த நாற்பது நிமிடம் பயணத்தின் ஆகச் சிறந்த பகுதியாக அமைந்தது. கரையில் நின்றது ஹிஜல். தமிழில் செங்கடம்பு. சங்கப் பாட்டில் முருகன் உறையும் கடம்பு இதுதான் என்பார் உண்டு. பூக்காலம் முடிந்து காய் தொங்கியது. காயை விரலால் உருட்டினால் நாலு விளிம்பு தெரியும், அதுதான் அடையாளம். கோடையில் இதன் சிவந்த பூச்சரங்கள் இரவில் மலர்ந்து விடியலில் தண்ணீரில் உதிரும். வேர் நீரில் பல வாரம் மூழ்கினாலும் மரம் சாகாது, ஆகவே கரை காக்க நடுகிறார்கள். இன்னும் உள்ளே பேயத்தி. 'வங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டேன்' என்று தொடங்கும் கவிதையில் குடை போன்ற பெரிய இலைக்கடியில் விடியற்காலைக் குண்டுகரிச்சான் உட்கார்ந்திருப்பது அத்தி மரத்தில். நாட்டு அத்தியின் இலை அவ்வளவு பெரிதல்ல. சொரசொரத்த அகலமான இலை உள்ள பேயத்தியைத்தான் அவர் சொல்கிறார் என்று இங்கே நின்று பார்த்தால் சந்தேகம் தீரும்.

மீண்டும் இந்த வங்கத்துக்கே, தான்சிரிக் கரைக்கே வருவேன் என்ற கவிதையை இங்கே எல்லோரும் அறிவார்கள். வருகிறவன் மனிதனாக இல்லாமல் ஷங்கசில்லாகவோ ஷாலிக்காகவோ வருவான். காலில் சலங்கை கட்டிய வாத்தாகி, வள்ளைக்கீரை மணக்கும் நீரில் நாளெல்லாம் மிதப்பான். வள்ளைக்கீரைக்கு அப்படி என்ன மணம் என்று முன்பு தோன்றியது உண்டு. தண்டை ஒடித்து முகர்ந்தால் பச்சையும் சேறும் கலந்த வாசனை. கீரைக்கட்டில் அது இருக்காது, நிற்கும் நீரில்தான் உண்டு.

அந்தக் கவிதை இருக்கும் நோட்டுப் புத்தகம் 1934-ல் எழுதப்பட்டது. அப்போது அவருக்கு வேலை இல்லை. 1930 மே மாதம் டாக்காவில் லாவண்யா குப்தாவுடன் திருமணம். அதற்காக டெல்லி ராம்ஜாஸ் கல்லூரியிலிருந்து வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஐந்தாண்டு நிலையான வருமானம் இல்லை. அந்த வெறும் நாட்களில் பரிசாலில் உட்கார்ந்து எழுதிய பதினாலடிப் பாட்டுகளை அவர் அச்சுக்குக் கொடுக்கவே இல்லை. இறந்து மூன்றாண்டு கழித்து, 1957-ல், தம்பி அசோகானந்தரின் முயற்சியில் 'ரூபஸி பாங்க்ளா' என்ற பெயரில் வந்தது. 1971 போரில் வங்கதேசத்துப் பிள்ளைகள் வாயில் இருந்த கவிதைகள் இவை.

திரும்பும் வழியில் குட்டியா சந்தேஷ். பால் கனமாகவும் சர்க்கரை குறைவாகவும் இருக்கும். வாங்கிய அன்றே தின்றுவிட வேண்டும்.

ஆகஸ்ட் 19, சனி. பாகேர்ஹாட், ரூப்சா

பரிசாலிலிருந்து குல்னா போகும் பேருந்துக்குக் கச்சா ஆற்றில் இப்போது பாலம் இருக்கிறது. முன்பு பெக்குடியாவில் படகுக்குக் காத்திருந்தே அரை நாள் போகும். பாகேர்ஹாட்டில் இறங்குகிறவர்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் அறுபது கும்மட்ட மசூதிக்குப் போவார்கள். போக வேண்டியதுதான். பிரபுல்ல சந்திரா கல்லூரி அதே ஊரில். 1929-ல் ஜீவனானந்தர் அங்கே சில மாதம்கூட முழுதாக வேலை பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அதிகம் இல்லை.

மாலையில் பேருந்து ரூப்சா ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறியது. கிழிந்த வெள்ளைப் பாய் கட்டிய டிங்கியை ஒரு பையன் ரூப்சாவின் கலங்கல் நீரில் ஓட்டுவதும் அதே தான்சிரிக் கவிதையில் வருகிறது. நீரின் நிறம் சொன்னபடியே இருக்கிறது. பாய்தான் இல்லை, எல்லாம் டீசல் எஞ்சின். கவிதையின் மற்றோர் ஆறான ஜலங்கி, எல்லைக்கு அந்தப் பக்கம் நதியா மாவட்டத்தில் ஓடுகிறது. ஒரே பாட்டில் இருந்த ஆறுகளைப் பார்க்க இப்போது இரண்டு நாட்டு முத்திரை வேண்டும்.

ஆகஸ்ட் 21, திங்கள். கொல்கத்தா

எல்லைச் சாவடியான பெனாபோலில் மழையில் நின்ற வரிசையில் நேற்று முழுநாளும் போய்விட்டது. குடையைவிட, பாஸ்போர்ட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறைதான் முக்கியம். மை கரைந்தால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக நேரும்.

1946-ல் விடுப்பில் கல்கத்தா வந்த ஜீவனானந்தர், கலவரமும் பிரிவினையும் வந்ததால் பரிசால் வேலைக்குத் திரும்பவே இல்லை. வாசம் 183, லேன்ஸ்டவுன் சாலை. இன்றைய சரத் போஸ் சாலை. வாடகை தாங்காமல் ஓர் அறையை உள்வாடகைக்கு விட்டார். 'ஸ்வராஜ்' நாளிதழில் கொஞ்ச காலம், 1950-51-ல் காரக்பூர் கல்லூரியில் சில மாதம், பிறகு பரிஷா கல்லூரி. எதுவும் நிலைக்கவில்லை. நாவல்களை எழுதி எழுதி டிரங்குப் பெட்டியில் வைத்தார். 'மால்யவான்' 1948-ல் எழுதியது, அச்சானது 1973-ல். வீட்டில் இருந்தவர்களுக்கே பெட்டியின் ஆழம் தெரியாது.

அந்தச் சாலையில் தெற்கே நடந்தால் சில நிமிடத்தில் ராஷ்பிஹாரி அவென்யூ, தேசப்ரிய பார்க். 1954 அக்டோபர் 14 மாலை, நடைக்குப் போய்த் திரும்பும்போது இங்கேதான் டிராம் அவர் மேல் மோதியது. அப்போது தண்டவாளம் சாலையின் நடுவே புல்தரை மேல் ஓடியது. புல்லும் மண்ணும் சத்தத்தைக் குடித்துவிடும். டிராம் திருப்ப முடியாத வண்டி. ஓட்டுநருக்கு இருப்பது பிரேக்கும் காலால் மிதிக்கும் மணியும்தான், இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டேதான் நிற்கும். விபத்தா, வேண்டுமென்றே செய்ததா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். மனத்தளர்ச்சியைக் கவிதையில் தேடி எடுத்து அந்த மாலைக்குச் சாட்சி சொல்ல வைப்பது சரியல்ல.

எலும்புகள் முறிந்த நிலையில் பவானிபூர் சம்புநாத் பண்டிட் மருத்துவமனையில் எட்டு நாள் இருந்தார். 'சனிபாரேர் சிட்டி' இதழில் பல ஆண்டு அவரைக் கேலி செய்த சஜனிகாந்த தாஸ் படுக்கையருகே வந்து, நல்ல மருத்துவத்துக்காக முதலமைச்சர் பிதான் சந்திர ராய் வரை போனார். இரவில் மாறி மாறிக் காவல் இருந்தவர்கள் இளம் கவிஞர்கள். அவர்களில் மருத்துவ மாணவராக இருந்த பூமேந்திர குஹா, பின்னர் தன் வாழ்நாளில் பெரும் பங்கை அந்தப் பெட்டியின் கையெழுத்தைப் படியெடுப்பதற்கே கொடுத்தார். அக்டோபர் 22 இரவு உயிர் பிரிந்தது. வயது 55. அடுத்த ஆண்டு, 'ஸ்ரேஷ்ட கவிதா' தொகுப்புக்குச் சாகித்திய அகாதமி விருது.

டோலிகஞ்சிலிருந்து பாலிகஞ்ச் போகும் டிராம் 2023-ல் இன்னும் இந்த வழியே போய்க்கொண்டிருந்தது. 7 ரூபாய். நாற்பத்தைந்து நிமிடம் காத்திருக்க நேர்ந்தது, ஏறியவர்கள் ஆறு பேர். பக்கத்தில்தான் லேக் மார்க்கெட். தமிழர்கள் பல தலைமுறையாகக் குடியிருக்கும் பகுதி: வாழையிலை, கதம்பம், முருங்கைக்காய், பில்டர் காபி 30 ரூபாய். காபிக் கடையில் பக்கத்து மேசைக்காரர் தமிழும் வங்காளமும் கலந்து பேசினார். அவருக்கு 'ஷங்கசில்' எது என்று தெரிந்திருந்தது. "கருடன்தான். நெஞ்சு வெள்ளை. இங்க பார்க்குல பறக்குறதெல்லாம் வேற, சாதாரணப் பருந்து. கருடன் வேணும்னா கங்கைப் பக்கம் போங்க."

ஆகஸ்ட் 22, செவ்வாய். ஹௌரா

கடைசி வேலை ஹௌரா பெண்கள் கல்லூரி. 1953-ல் சேர்ந்தார், இறக்கும்வரை இருந்தார். இன்று பிஜாய் கிருஷ்ணா பெண்கள் கல்லூரி என்று பெயர். கடைசிக் காலத்தில் சம்பளம் மாதா மாதம் வந்த ஒரே இடம். நெரிசலான சாலை, வாசலில் மழைக்கு ஒதுங்கிய மாணவிகள், பொரி கலக்கிக் கொடுக்கும் தள்ளுவண்டி, பொட்டலம் 20 ரூபாய்.

திரும்ப ஹௌரா துறையிலிருந்து பாபுகாட்டுக்குப் படகு, 6 ரூபாய். மேகம் தாழ்ந்து, ஹூக்ளி கலங்கி ஓடியது. ஈரமேகம் கவிந்த நண்பகலில் தான்சிரிக் கரையில் பறந்து பறந்து அழாதே என்று அவர் கெஞ்சுவது பொன்சிறகுப் பருந்திடம். துறைக் கம்பத்தின் மேலிருந்து ஒன்று எழும்பியது: செம்மண் நிறச் சிறகு, வெள்ளைத் தலை, வெள்ளை நெஞ்சு. குரல் பருந்தின் நீண்ட சீழ்க்கை அல்ல. மூக்கடைத்த குழந்தை இழுத்து அழுவது போன்ற குரல். கயிறு சுற்றிக்கொண்டிருந்த படகுப் பையன் தலை தூக்காமலே பெயரைச் சொன்னான்: "ஷங்கசில்." நோட்டில் அந்த வரிக்கு எதிரே எழுதிய தமிழ்ப் பெயர், செம்பருந்து.